விருந்தினர் காலைக் கட்டிக்கொள்ளும் நாய்: அடிப்பதா, அனுப்புவதா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

வீட்டில் அவர், கணவர், பன்னிரண்டு வயது மகள், சர்க்கரை நோயுள்ள மாமியார். குட்டியாக வந்து இப்போது இரண்டரை வயதாகும் லாப்ரடார் கலப்பு ஆண் நாய் ஒன்றும் இருக்கிறது. அதை மணி என்று வைத்துக்கொள்வோம். மாலையில் மகள் பள்ளி விட்டு வந்ததும் மணி ஓடிவந்து, அவள் காலை முன்னங்கால்களால் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுகிறான். உறவினர் வந்தாலும் இதேதான். பெண்கள் வந்தால் புடவைக் கொசுவத்துக்குள் மூக்கை நுழைத்து மோப்பம் பிடிக்கிறான். ஒரு மாதமாகக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்கிறான். மருந்துக் கடையில் வாங்கிய பூச்சி மாத்திரை கொடுத்தும் அது நிற்கவில்லை. மதிய வேளையில் மாமியாரின் குதிகால் வெடிப்பை விடாமல் நக்குகிறான். "நாய் நக்கினால் புண் சீக்கிரம் ஆறும் என்கிறார் அத்தை. அதனால் நாங்களும் தடுக்கவில்லை" என்கிறார் வாசகி.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். நாய்க்குட்டி விற்பவர், ஒரு தடவை பெண் நாயோடு சேர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், நாய் தன்னை வீட்டுக்குத் தலைவனாக நினைக்கிறது, அடித்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார். கணவர் செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கிறார். போன வாரம் அவர் கையை ஓங்கியபோது மணி முதல்முறையாக உறுமியிருக்கிறான். அதிலிருந்து, லால்குடிப் பக்கம் ஓர் உறவினரின் தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற பேச்சு நடக்கிறது. "டாக்டரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது. மகளோடு இவனை விட்டுவைப்பது சரியா என்றும் பயமாக இருக்கிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கூச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். கால்நடை மருத்துவர்களுக்கு இது தினப்படி வேலை. தடுப்பூசிக்கு வருபவர்களில் பலர், ஊசி போட்டு முடித்துக் கிளம்பும் நேரத்தில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவந்து, குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பார்கள். உங்கள் வீட்டில் நடப்பது ஊரில் நாய் வளர்க்கும் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான்.

நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்து "மணியின் கெட்ட பழக்கம்" என்று ஒரே பெயரில் எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தவரையில் இவை தனித்தனி விஷயங்கள். ஒன்று அவனுடைய உடம்பில் உள்ள தொல்லை. ஒன்று உங்கள் மாமியாருக்கு வரக்கூடிய ஆபத்து. மற்றவை நாய்க்கு இயல்பானவை, பழக்கினால் மாறக்கூடியவை. எதை முதலில் கவனிப்பது என்ற வரிசைதான் இங்கே முக்கியம். நீங்கள் காலைக் கட்டிக்கொள்வதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நான் மாமியாரின் குதிகாலிலிருந்து தொடங்குகிறேன்.

இன்றே செய்ய வேண்டியது

நாய் நக்கினால் புண் ஆறும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நம்பிக்கை. உங்கள் மாமியார் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் நாயின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா, கேப்னோசைட்டோஃபேகா போன்ற பாக்டீரியாக்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த மனிதர்களின் புண்ணுக்குள் போனால் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியவை. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. வலி தெரியாததால் வெடிப்பு ஆழமாவதும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவாக இருப்பதால் ஆறுவதும் தாமதமாகும். அப்படிப்பட்ட பாதத்தில் நாயின் எச்சில் படவே கூடாது.

இதில் வெறிநாய்க்கடி நோயின் கணக்கும் இருக்கிறது. பலருக்குத் தெரியாத செய்தி இது. நாயின் எச்சில் நல்ல தோலில் பட்டால் பயமில்லை. ஆனால் வெடித்த தோலை, புண்ணை நாய் நக்குவதை, கடித்து ரத்தம் வந்த காயத்தோடு ஒரே வகையில், மிகக் கடுமையான மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மணிக்குக் குட்டியில் போட்ட தடுப்பூசிக்குப் பிறகு இந்த ஆண்டு போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் வீட்டோடு இருப்பவன், நன்றாகச் சாப்பிடுகிறான், அதனால் பதறத் தேவையில்லை. ஆயினும் மாமியாருக்கு ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. அவரை அரசு மருத்துவமனைக்கோ அவருடைய வழக்கமான மருத்துவரிடமோ இன்றே அழைத்துச் செல்லுங்கள். நாய் எத்தனை நாளாக நக்குகிறது, அதற்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டது என்ற இரண்டையும் சொல்லுங்கள். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. கிளம்புவதற்கு முன் குதிகாலைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

மணிக்கும் இந்த வாரமே தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

அவன் ஏன் நக்குகிறான் என்றால், வியர்வையின் உப்பும் புண்ணின் வாசனையும் அவனை இழுக்கின்றன. நக்கினால் மாமியார் தலையைத் தடவிக் கொடுக்கிறார், அதுவும் ஒரு காரணம். அவர் காலுறை போட்டுக்கொள்ளட்டும். மணி வந்து படுத்தால் தடவிக் கொடுக்கட்டும், நக்கத் தொடங்கியதும் சத்தமில்லாமல் எழுந்து போகட்டும். அவருக்கு அவன் மேல் இருக்கும் பிரியத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தரையில் தேய்ப்பது

இதைத் திமிர் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். இது அரிப்பு. நாயின் ஆசனவாய்க்கு இரு பக்கமும், கடிகாரத்தில் நான்கும் எட்டும் இருக்கும் இடங்களில், தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. மலம் கழிக்கும்போது அவற்றிலிருந்து நாற்றமுள்ள திரவம் கொஞ்சம் கசியும். மலம் இளகலாகவே போனாலோ குழாய் அடைத்துக்கொண்டாலோ பை நிரம்பி உறுத்தும். அப்போது நாய் தரையில் தேய்க்கும், திரும்பித் திரும்பி வால் அடியை நக்கும். அழுகிய மீன் போன்ற நாற்றம் வீட்டில் திடீரென்று அடித்தால் காரணம் பெரும்பாலும் இந்தப் பைதான்.

அடுத்த சந்தேகம் நாடாப்புழு. காலை வெளிச்சத்தில் வாலைத் தூக்கிப் பாருங்கள். அரிசி மணி போல வெள்ளைத் துணுக்குகள் முடியில் ஒட்டியிருக்கின்றனவா? புதிதாக வெளிவந்ததாக இருந்தால் மெல்ல நெளியும், காய்ந்தால் எள் போலச் சுருங்கிவிடும். அவன் படுக்கும் சாக்கிலும் தேடுங்கள். இந்தப் புழு தெள்ளுப்பூச்சியின் வழியாகத்தான் வருகிறது. உடம்பைக் கடித்துச் சொறியும்போது நாய் தெள்ளை விழுங்கிவிடும், அதற்குள் இருக்கும் புழுவின் இளம்பருவம் குடலில் வளரும். மனிதர்களுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை இதற்குச் சரியாக வேலை செய்யாது. பிராசிகுவாண்டல் என்ற மருந்து கலந்த மாத்திரையை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் கொடுக்க வேண்டும். அதோடு தெள்ளையும் ஒழிக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வாரங்களில் மறுபடி வந்துவிடும். தெள்ளைத் தவறுதலாக விழுங்கினால் குழந்தைகளுக்கும் இந்தப் புழு வரலாம். அதற்காக யார் சொன்னாலும் நாய் மேல் மண்ணெண்ணெய் தடவாதீர்கள். தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

பையை நீங்களே அமுக்கிப் பிழியவும் வேண்டாம். சீழ் வைத்திருந்தால் உள்ளேயே உடையும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சிவந்த வீக்கமோ ரத்தமோ தெரிந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். பைத் தொல்லையும் நாடாப்புழுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னால் ஒவ்வாமையைத் தேட வேண்டும். காதிலும் பாதத்திலும் அரிப்பு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

காலைக் கட்டிக்கொள்வது

இனி, உங்களை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "மகளிடம் தவறான எண்ணத்தோடு நடந்துகொள்கிறானோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவாக உங்களுக்கு அப்படித் தோன்றியதில் தவறில்லை. ஆனால் மணியிடம் அப்படி ஓர் எண்ணம் கிடையாது. ஆண் நாய், பெண் நாய், கருத்தடை செய்த நாய், இரண்டு மாதக் குட்டி என்று எல்லாமே இதைச் செய்யும். தலையணையிடம் செய்யும், பொம்மையிடம் செய்யும். பாலுணர்வு இதற்கு ஒரு காரணம் மட்டுமே. அளவுக்கு மீறிய உற்சாகம், பதற்றம், விளையாட்டு, செலவாகாத உடல் வலு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நிரம்பி வழியும்போதும் நாயின் உடம்பு இந்த அசைவுக்குப் போய்விடுகிறது. உற்சாகத்தில் ஆணுறுப்பின் சிவப்பு நுனி வெளியே தெரிவதும் அப்படித்தான், தானாக உள்ளே போய்விடும். அரை மணி நேரமாகியும் போகாமல் வீங்கியிருந்தால் மட்டும் அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். எப்போது செய்கிறான்? மகள் வந்ததும், விருந்தினர் வந்ததும். நாள் முழுவதும் வாசல் கிரில்லுக்குள் இருக்கிறான். காலையில் பத்து நிமிடம் தெருமுனை வரை போய்வருவது மட்டுமே நடை. லாப்ரடார் ரத்தம் உள்ள இளம் நாய்க்கு அது எந்த மூலைக்கும் போதாது. நாலேகால் மணிக்கு மகள் கதவைத் திறக்கிறாள், பையைப் போடுகிறாள், "மணீ" என்று கத்துகிறாள், அவன் தாவுகிறான், அவள் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள், அவன் துரத்திப் பிடிக்கிறான். பிறகு பாட்டி கத்துகிறார், அப்பா செய்தித்தாளோடு வருகிறார். மணியின் கணக்கில், இந்த ஒரு செயலைச் செய்தால் வீட்டில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மாற்ற வேண்டியது இந்தக் காட்சியைத்தான். மகள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே மணியைச் சங்கிலியோ பட்டையோ போட்டு உங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மகள் சத்தமில்லாமல் உள்ளே வரட்டும், அவனைப் பார்க்காமல் போய்க் கை கால் கழுவட்டும். அவன் அடங்கி, நான்கு காலும் தரையில் இருக்கும்போது அவளே வந்து "உட்கார்" என்று சொல்லி, உட்கார்ந்ததும் ஒரு துண்டு வேகவைத்த கேரட்டோ முட்டையோ கொடுத்துக் கொஞ்சட்டும். மீறிக் காலைப் பிடித்தால் கத்தவோ சிரிக்கவோ கூடாது. கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் பட்டையைப் பிடித்து அவனை அடுத்த அறைக்கு அழைத்துச் சென்று ஒரு நிமிடம் விட்டு, அமைதியானதும் திரும்பக் கொண்டுவாருங்கள். திட்டு வேண்டாம், முறைப்பும் வேண்டாம்.

முதல் சில நாட்களில் பழக்கம் கூடுவது போலத் தெரியும். இத்தனை நாள் கிடைத்த கவனம் ஏன் கிடைக்கவில்லை என்று அவன் இன்னும் பலமாக முயல்வான். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். வீட்டில் நால்வரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். ஒருவர் தடுத்து இன்னொருவர் சிரித்தால் மாறாது. நடையை வெயிலுக்கு முன் காலையில் ஒன்று, தார்ச்சாலை சூடு ஆறிய பிறகு இரவில் ஒன்று என்று அரை மணி நேரமாவது ஆக்குங்கள். போகிற வழியில் நின்று முகர்ந்து பார்க்க விடுங்கள். மோப்பம் பிடிப்பதுதான் நாய்க்குப் பெரிய வேலை, அதில்தான் அது களைத்து அடங்கும்.

இதைச் சொல்லும்போது புடவை விஷயமும் சேர்ந்துவிடுகிறது. நாய்க்கு மூக்கோடு மேலண்ணத்தில் இன்னொரு மோப்ப உறுப்பும் இருக்கிறது. உடலின் வேதி வாசனைகளை அது பிரித்தறியும். மனிதர்களுக்கு அப்படிப்பட்ட வாசனைச் சுரப்பிகள் அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதிகம். மாதவிடாய், பிள்ளைப்பேறு சமயங்களில் வாசனை மாறுவதால் அவன் இன்னும் ஆவலாக வருவான். அவனுக்கு அது ஆளை விசாரிக்கும் முறை. விருந்தினர் வந்ததும் மூடிய கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டச் சொல்லுங்கள், முகர்ந்து முடித்ததும் "உட்கார்". உங்கள் மகள் பூப்பெய்தும் வயது. அப்போது நாய் பின்னாலேயே வந்தால் அதை வைத்து வீட்டில் யாரும் கேலி பேசக் கூடாது. நாப்கினை மூடி உள்ள குப்பைக் கூடையில் மட்டும் போடுங்கள். இழுத்து விழுங்கிய நாப்கின் குடலை அடைத்து, வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டிய நிலைக்குப் போய்விடும்.

அந்த உறுமல்

கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் நீங்கள் சொல்லிச் சென்றதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. மணி உறுமினான் என்றால் கெட்டுப்போனான் என்று பொருள் கொள்ளாதீர்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது, நிறுத்து" என்று சொல்ல அவனிடம் இருப்பது அந்த ஒரு குரல்தான். உறுமியதற்காக அடித்தால் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்வான். ஓங்கிய கை அப்பாவுடையதா, பந்து எறியத் தூக்கிய மகளுடையதா என்று அந்த நொடியில் அவனுக்குத் தெரியாமல் போகலாம். மகளுக்கு ஆபத்து உண்டா என்று கேட்டீர்கள். காலைக் கட்டிக்கொள்வதால் கீழே விழுவாள், நகம் கீறும், அவ்வளவுதான். அடி தொடர்ந்தால்தான் உண்மையான ஆபத்து. செய்தித்தாள் அடி இன்றோடு நிற்கட்டும்.

"தலைவனாக நினைக்கிறது" என்ற பேச்சுக்கும் ஒரு பழைய வேர் இருக்கிறது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவிய கருத்து அது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், பதவிச் சண்டைக் களம் அல்ல என்று 1999-இல் எழுதினார். மணிக்கு உங்கள் கணவரின் நாற்காலியில் ஆசை இருக்கலாம், அதிகாரத்தில் ஆசை இல்லை.

சேர்த்துவிடுவதா, கருத்தடையா?

ஒரு தடவை சேர்த்துவிட்டால் அடங்கும் என்பது தவறு. அனுபவம் வந்த நாய்க்கு நாட்டம் கூடத்தான் செய்யும். நம் ஊர் நாய்களிடம் இனச்சேர்க்கையால் பரவும் ஒரு புற்றுக்கட்டி சாதாரணமாகக் காணப்படுகிறது. உறுப்பிலிருந்து ரத்தம் சொட்டுவதுதான் முதல் அறிகுறி. வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி என்று பல வாரங்கள் போட வேண்டியிருக்கும். பிறக்கும் குட்டிகளை யார் வளர்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

கருத்தடையை நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் மந்திரம் போலப் பலிக்கும் என்று நம்பிச் செய்யாதீர்கள். மேலே ஏறும் பழக்கம் பாதிக்கும் மேற்பட்ட ஆண் நாய்களில் நன்றாகக் குறைகிறது. சிலவற்றில் குறைவதில்லை. உற்சாகத்தாலும் பழக்கத்தாலும் வருவது பயிற்சியால்தான் போகும். மாற்றம் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். விதைகளில் கட்டி வராது, வயதான பின் புராஸ்டேட் வீங்கும் தொல்லை குறையும் என்பவை கூடுதல் நன்மை. அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை தேவை, தையல் ஆற இரண்டு வாரம் ஆகும், அதுவரை தையலை நக்காதபடி கழுத்தில் கூம்பு போட வேண்டும். பிறகு சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் லாப்ரடார் கலப்பு நாய் சீக்கிரம் பருத்துவிடும். உள்ளூரில் வசதியில்லாவிட்டால் ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

தோப்புக்கு அனுப்புவது

அங்கே அவனைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள், வேளாவேளைக்குச் சோறு, தடுப்பூசி எல்லாம் உறுதி என்றால் அது வீடு மாற்றுவது. சும்மா கொண்டுபோய் விட்டுவருவது கைவிடுவது. பட்டினியால் துன்பப்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும், அடித்து வதைப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் தோப்பு நாய்களிடம் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பது கடினம். நீங்கள் இன்னும் சிகிச்சையையும் பயிற்சியையும் தொடங்கவே இல்லை. அதற்குள் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவரிடம் போகும்போது அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கொடுத்த பூச்சி மாத்திரையின் அட்டையையும் தடுப்பூசிக் குறிப்பேட்டையும் மறக்காதீர்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்கிறானா, உறுப்பை நக்கிக்கொண்டே இருக்கிறானா என்று இரண்டு நாள் கவனித்துச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றும் மேலே ஏறும் பழக்கத்தைத் தூண்டக்கூடும். மணி தரையில் தேய்ப்பதையும் காலைக் கட்டிக்கொள்வதையும் கைபேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பயத்தில் எந்த நாயும் அவற்றைச் செய்து காட்டாது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தப் படத்தை மருத்துவரிடம் நீட்டினாலே போதும்.